கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்த டாக்டர்

இரண்டு பாம்புகள். இரண்டும் இருண்ட நிறம். இரண்டின் உடம்பிலும் வெள்ளைப் பட்டைகள். ஒன்று கடித்தால் சிறு காயத்தோடு போய்விடும். மற்றொன்று கடித்தால் விடிவதற்குள் உயிரே போய்விடலாம்.

எது நல்லது? எது பொல்லாதது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, ஒரு டாக்டர் தம் முதுமைக் காலம் முழுவதையும் செலவிட்டார். அவர் நம் நாட்டவர் அல்ல. ஆனால் நம் நாட்டுப் பாம்பு ஒன்று இன்றும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊர்கிறது.

அவர்தான் டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல். நாம் கண்ணாடி விரியன் என்று அழைக்கும் பாம்புக்கு, உலகெங்கும் வழங்கும் பெயர் ரஸ்ஸல் விரியன்!

கூடுவாஞ்சேரியிலும், வண்டலூரிலும், செங்கற்பட்டுச் சுற்று வட்டாரத்திலும் மழைக்காலம் வந்தால் பாம்புப் பேச்சும் கூடவே வந்துவிடும். ஏரியும் வயலுமாக இருந்த இடங்கள் பல, வீட்டு மனைகளாகிவிட்டன. வளையில் தண்ணீர் புகுந்ததும் பாம்பு வெளியே வருகிறது. எலியைத் தேடி வீட்டுக்குள்ளும் நுழைகிறது. உடனே கம்பு எடுக்கிறார்கள். அடிபட்டுச் சாகும் பாம்புகளில் பல, விஷமே இல்லாதவை. சாதாரணப் பாம்பு என்று அலட்சியமாக விடப்படுபவற்றில் சில, கொடிய விஷம் உள்ளவை.

இந்தக் குழப்பம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 240 ஆண்டுகளுக்கு முன்பே டாக்டர் ரஸ்ஸலை வாட்டிய குழப்பம் இதுதான்.

அண்ணன் காட்டிய வழி

பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தவர். தந்தை ஒரு வக்கீல். வீட்டில் பிள்ளைகள் பலர். மூத்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ரஸ்ஸல் வைத்தியம் படித்தார். சிரியா நாட்டில் உள்ள அலெப்போ நகருக்குப் போய், அங்கு வாணிபம் செய்துவந்த ஆங்கிலேயருக்கு டாக்டராக இருந்தார்.

அண்ணன் வழியிலேயே பாட்ரிக்கும் நடந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1750-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றதும் அலெப்போவுக்குப் புறப்பட்டார்.

அண்ணன் அலெக்சாண்டர் வெறும் டாக்டர் மட்டுமல்ல. கண்ணில் பட்டதை எல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர். அலெப்போ நகரத்து மனிதர்கள், செடிகள், விலங்குகள், நோய்கள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1756-ல் வெளிவந்தது.

அண்ணன் ஊர் திரும்பிய பிறகு, அவருடைய வேலை தம்பிக்குக் கிடைத்தது. அந்தக் குறிப்பு எழுதும் பழக்கமும் தம்பிக்கு வந்து சேர்ந்தது. அரபு மொழியைக் கற்றுக்கொண்டார். ஊர் மக்களோடு கலந்து பழகினார். நகரை ஆண்ட பாஷாவின் மதிப்பையும் பெற்றார். தலைப்பாகை அணியும் உரிமையைப் பாஷா அவருக்கு அளித்தார். அந்த நாளில் அது ஒரு பெரிய கௌரவம்.

நாடோடிக் கிழவி சொன்ன பாடம்

அக்காலத்தில் அம்மை நோய் பெரிய எமன். அம்மை கண்டவரின் கொப்புளத்தில் உள்ள நீரைச் சிறிதளவு எடுத்து, நோய் வராத குழந்தையின் உடம்பில் குத்திவிடுவார்கள். அதனால் இலேசான அம்மை கண்டு, பிறகு பெரிய அம்மை வராது. ஜென்னரின் பசு அம்மைப் பால் வருவதற்கு முந்திய முறை இது.

ஒரு நாள் ஒரு துருக்கியர் வீட்டுப் பெண்களுக்கு டாக்டர் ரஸ்ஸல் இந்த முறையை விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே பாலைவன நாடோடிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் செய்முறை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவள் திருத்தினாள். கத்தியால் கீறக்கூடாது, ஊசியால் குத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

பட்டம் பெற்ற டாக்டருக்கு எழுதப் படிக்கத் தெரியாத கிழவி பாடம் சொல்வதா? வேறொருவராக இருந்தால் கோபித்திருப்பார். ரஸ்ஸல் கோபிக்கவில்லை. மேலும் மேலும் விசாரித்தார். அரபு நாடுகளில் இந்த முறை வெகு காலமாகவே இருந்து வருகிறது என்று அறிந்தார். அதை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1768-ல் அது அச்சாயிற்று.

ஊர் மக்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு அறிவது. பிறகு தாமே சோதித்துப் பார்ப்பது. இந்த இரண்டும்தான் அவருடைய வழி. பின்னாளில் இந்தியாவில் பாம்பாட்டிகளிடமும் இப்படித்தான் நடந்துகொண்டார்.

பிளேக் நகரத்தில்

1760-ம் ஆண்டில் அலெப்போவில் பிளேக் நோய் புகுந்தது. 1762 வரை நகரை ஆட்டி வைத்தது. தெருத் தெருவாகச் சாவு. தப்பியவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் ரஸ்ஸல் ஊரை விட்டு ஓடவில்லை. நோயாளிகளுக்கு யோசனை சொன்னார். யாருக்கு நோய் வந்தது, எப்படித் தொடங்கியது, எத்தனை நாளில் முடிந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு பிற்காலத்தில் பிளேக் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1791-ல் வெளிவந்தது. பிளேக் பரவாமல் தடுப்பது எப்படி, வெளியூர்க் கப்பல்களை நிறுத்தி வைத்துச் சோதிப்பது எப்படி என்றெல்லாம் அதில் விவரித்தார்.

சுமார் 20 ஆண்டுகள் அலெப்போவில் இருந்துவிட்டு அவர் தாய்நாடு திரும்பினார். லண்டனில் தொழில் நடத்தினார். 1777-ல் புகழ் பெற்ற ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

வயது ஐம்பதைக் கடந்தது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இனி நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டியதுதான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்திய வேலை இன்னும் தொடங்கவே இல்லை!

தம்பிக்காக வந்தார்

கிளாட் ரஸ்ஸல் என்று அவருக்கு ஒரு தம்பி. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம். விசாகப்பட்டணத்தில் நிர்வாகப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால் உடல்நலம் சரியில்லை. டாக்டரான அண்ணன் அருகில் இருந்தால் நல்லது என்று எண்ணினார்கள். பாட்ரிக் ரஸ்ஸல் மறுக்கவில்லை. 1781-ல் தம்பி குடும்பத்தோடு கப்பல் ஏறினார்.

அப்போது தமிழ்நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. ஐதர் அலியின் படைகள் 1780-ல் உள்ளே புகுந்திருந்தன. செங்கற்பட்டுச் சீமை போரினால் சீரழிந்து கிடந்தது. விசாகப்பட்டணம் போர்க்களத்துக்குத் தொலைவில் இருந்தது. ரஸ்ஸல் அங்கே செடிகளைத் தேடினார். கடற்கரையில் மீன்களைப் பார்த்தார். மீனவர்கள் கொண்டுவரும் மீன்களைப் படமாக எழுதச் செய்தார். இந்த மீன் படங்கள் 200, பிற்காலத்தில் 1803-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

அந்த நாளில் சென்னைக் கம்பெனி சர்க்காரில் இயற்கை ஆராய்ச்சிக்கென்று ஓர் உத்தியோகம் இருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் டாக்டராக இருந்த கோனிக் என்பவர் அதை வகித்து வந்தார். அவர் 1785-ல் காலமானார். அதே ஆண்டு அந்தப் பதவி ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. சோழமண்டலக் கரை முழுவதும் இனி அவருடைய ஆராய்ச்சிக்கூடம்!

எல்லாப் பாம்பும் விஷமா?

இந்தியாவுக்கு வந்த நாள் முதல் ரஸ்ஸலின் மனத்தை ஒரு விஷயம் உறுத்தியது. அது பாம்புக்கடி.

வயலில் கடிபட்டுச் செத்தார்கள். திண்ணையில் படுத்தவர்கள் செத்தார்கள். கம்பெனிச் சிப்பாய்களும் செத்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மருந்து. ஒவ்வொரு வைத்தியரும் அந்த மருந்தினால் பலர் பிழைத்ததாகச் சொன்னார்.

ரஸ்ஸல் யோசித்தார். பிழைத்தவனைக் கடித்தது எந்தப் பாம்பு? அது விஷப் பாம்புதானா? விஷமில்லாத பாம்பு கடித்திருந்தால், மருந்து கொடுத்தாலும் பிழைப்பான், கொடுக்காவிட்டாலும் பிழைப்பான். அப்புறம் மருந்துக்கு என்ன பெருமை?

ஆகவே முதலில் பாம்பை அடையாளம் காணவேண்டும். மருந்தைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான். இந்த முடிவுக்கு அவர் வந்தார். இன்று இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அன்று அது பெரிய மாறுதல்.

பாம்பாட்டிகளை வரவழைத்தார். அவர்கள் கூடை கூடையாகப் பாம்பு கொண்டுவந்தார்கள். அவர்கள் சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொண்டார். அவருடைய புத்தகத்தில் பாம்புகளுக்குத் தெலுங்குப் பெயர்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணாடி விரியனுக்கு அவர் எழுதிய பெயர் ‘காட்டுக ரேக்குல பொட’ என்பது. காட்டுக என்றால் தெலுங்கில் கண்ணுக்கு இடும் மை. மஞ்சள் பட்டையுள்ள இன்னொரு பாம்புக்குப் பங்காரு என்ற தெலுங்குச் சொல்லில் பெயர் இருந்தது. பங்காரு என்றால் தங்கம். கட்டுவிரியன் இனத்துக்கு விஞ்ஞானிகள் இன்று வழங்கும் பங்காரஸ் என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததுதான். பாம்பாட்டியின் சொல் உலக விஞ்ஞானத்தில் ஏறிவிட்டது!

பல் சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் காட்டிய முறையில்தான் பாம்புகளைப் பிரித்தார்கள். வயிற்றின் அடியில் உள்ள செதில்களை எண்ணுவது, வாலின் அடியில் உள்ளவற்றை எண்ணுவது என்பது அந்த முறை.

ரஸ்ஸலும் எண்ணினார். பாம்பு பாம்பாக எண்ணி எழுதினார். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்று கண்டார். ஒரே இனப் பாம்பிலேயே எண்ணிக்கை மாறியது. நிறமும் மாறியது. மேலும், ஒரு குடியானவன் இருட்டில் செதிலை எண்ணிக்கொண்டு இருக்க முடியுமா?

பாம்பின் வாயைத் திறந்து பார்த்தார். விஷப் பாம்புக்கு மேல் தாடையில் விஷப் பல் இருந்தது. அந்தப் பல்லின் வழியாக விஷம் இறங்கியது. மற்றப் பாம்புகளுக்கு அது இல்லை. இதுவே நிச்சயமான சாட்சி.

அதோடு விடவில்லை. கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்கும்படி செய்து பார்த்தார். கடித்த நேரம், மயக்கம் வந்த நேரம், இறந்த நேரம் எல்லாவற்றையும் எழுதினார். இன்று இத்தகைய சோதனையைக் கேட்டால் மனம் கலங்கும். ஆனால் எந்தப் பாம்பின் விஷம் என்ன செய்யும் என்று இந்நாட்டில் முறையாக எழுதி வைத்த ஆரம்பக் குறிப்புகள் அவை.

தஞ்சை மாத்திரை

அப்போது தஞ்சாவூர் மாத்திரை என்று ஒரு மருந்து பிரபலமாக இருந்தது. பாம்புக்கடிக்கு அது கைகண்ட மருந்து என்று பேர். சிப்பாய்களுக்குக்கூட அதைக் கொடுத்தார்கள். பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு முதலியவை அதில் சேர்ந்தன.

பாஷாணம் தானே ஒரு விஷம். நேர்வாளம் பேதியைக் கிளப்பும். ஆகவே அந்த மாத்திரை விளையாட்டு மருந்து அல்ல.

ரஸ்ஸல் அதை அலட்சியம் செய்யவும் இல்லை. அப்படியே நம்பவும் இல்லை. சோதித்தார். கடிபட்ட பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பாம்புக்கடிக்கு அது நிச்சயமான மருந்து என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நிச்சயமான மருந்து பிறக்க இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1895-ல் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர், குதிரையின் இரத்தத்திலிருந்து பாம்பு விஷத்துக்கு எதிர்மருந்து தயாரிக்கும் வழியை வெளியிட்டார். அதற்கும் மூலப்பொருள் பாம்பின் விஷமே!

பெரிய புத்தகம், எட்டாத கை

1789 ஜனவரியில் ரஸ்ஸல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இங்கே அவர் இருந்தது எட்டு ஆண்டுகள்தான். சேர்த்த குறிப்புகளோ ஒரு வாழ்நாளுக்குப் போதுமானவை.

லண்டனில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய அவருடைய முதல் நூல் 1796-ல், கம்பெனி டைரக்டர்களின் உத்தரவின் பேரில் வெளிவந்தது. பெரிய அளவுத் தாள். கையால் வர்ணம் தீட்டிய நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் வர்ணனை.

மறு ஆண்டு, 1797-ல், ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி, கண்ணாடி விரியனுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். ரஸ்ஸலைக் கௌரவிக்க அவருடைய பெயரையே வைத்தார். இன்று அந்தப் பாம்பின் பெயர் டபோயா ரஸ்ஸலி.

ஆனால் ஒரு குறை நின்றது. விஷப் பாம்பை மக்கள் அடையாளம் கண்டு உயிர் தப்பவேண்டும் என்பதே ரஸ்ஸலின் ஆசை. அந்தப் புத்தகமோ ஆங்கிலத்தில் இருந்தது. பணக்காரர்களும் அறிஞர்களும்தான் வாங்கமுடியும். செங்கற்பட்டு வயலில் வெறுங்காலோடு நின்ற விவசாயியின் கைக்கு அது எட்டவே இல்லை.

அவர் அன்று சொல்ல விரும்பியதை இன்று எளிதாகவே சொல்லலாம்.

முதல் ஜோடி: கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும்

கட்டுவிரியன் பளபளப்பான கருநிறம். சில சமயம் கருநீலமாகவும் தெரியும். உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். அவை பல இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். தலைப் பக்கம் கோடுகள் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் பழுப்பு நிறம். பட்டைகள் சற்று அகலம், மஞ்சள் கலந்த வெண்மை. கழுத்திலேயே பட்டை தொடங்கிவிடும். வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். அதாவது கட்டுவிரியனுக்கு நேர் எதிர்! முதுகு நடுவில் பெரிய செதில் இல்லை. தலை தட்டையானது. சுவரில் மளமளவென்று ஏறும். பல்லியைத் தேடி வீட்டுக்குள் வரும். விஷம் கிடையாது. ஆனால் முன்பல் பெரிதாக இருக்கும். ஓநாய் என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

கட்டுவிரியனுக்கோ பல் சிறியது. கடித்த இடத்தில் தடம்கூடத் தெரியாமல் போகும். வலியும் அதிகம் இராது. இரவில் தரையில் தூங்குபவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். பிறகு வயிற்று வலி வரும். கண் இமை தானாக மூடும். பேச்சுக் குழறும். கடைசியில் மூச்சு நின்றுவிடும். வலி இல்லையே என்று தூங்கிவிட்டவர்கள் எழுந்திருக்காமல் போனது உண்டு.

இரண்டாம் ஜோடி: கண்ணாடி விரியனும் மண்ணுளியும்

கண்ணாடி விரியனின் தலை முக்கோணம். கழுத்து ஒடுங்கித் தனியாகத் தெரியும். முதுகில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்புக் கரை. அருகே போனால் குக்கரில் ஆவி வருவதுபோல் உரக்கச் சீறும்.

மண்ணுளி வகையில் சொரசொரப்பான செதில் உள்ள ஒன்று உண்டு. உடம்பு பருமன். முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள். ஆனால் அவை ஒழுங்கான சங்கிலியாக இரா. ஒன்றோடொன்று ஒட்டி, கோணல்மாணலாக இருக்கும். கழுத்து தனியாகத் தெரியாது. கண் சிறியது. வால் மிகக் குட்டை. மண்ணுக்குள் புகுந்து வாழும். விஷம் இல்லை.

மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியனையும் மாற்றி எண்ணியவர்களும் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகளும் ஒழுங்கற்றவை. மலைப்பாம்பு என்று எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையால் தூக்கினால் முடிவு பயங்கரம். அதன் விஷம் இரத்தத்தைக் கெடுக்கும். சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

இந்த அடையாளங்கள் தூர நின்று பார்ப்பதற்கு மட்டுமே. கையில் பிடித்துப் பார்ப்பதற்கு அல்ல. குட்டிப் பாம்பிலும், தோல் உரிக்கும் சமயத்திலும் நிறம் மாறித் தெரியும். சந்தேகம் இருந்தால் விஷப் பாம்பு என்றே கொள்ளவேண்டும்.

இருளர் கண்

புத்தகம் இல்லாமலே இந்த வேற்றுமைகளை அறிந்தவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இருளர். மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே, போனது எந்தப் பாம்பு, எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லும் திறமை அவர்களுக்கு உண்டு.

ஒரு காலத்தில் அவர்கள் பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பும் நின்றது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்றுப் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் வைத்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் எதிர்மருந்து தயாராகிறது.

திருக்கழுக்குன்றம் அருகே சென்னேரி கிராமத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பு பிடிப்பவர்களிடம் பாடம் கேட்ட ரஸ்ஸல் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடைசி நாட்கள்

லண்டனில் ரஸ்ஸல் ஓயவில்லை. அண்ணன் எழுதிய அலெப்போ நூலைத் திருத்தி, பெருக்கி 1794-ல் வெளியிட்டார். ராக்ஸ்பர்க் என்பவர் எழுதிய சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய பெரிய நூல் வெளிவருவதற்கும் துணை நின்றார். 1801 முதல் பாம்பு நூலின் இரண்டாம் பாகம் பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. 1804-ல், நல்ல பாம்பு எப்படிப் படம் விரிக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். கழுத்தில் உள்ள விலா எலும்புகளை விரிப்பதனால்தான் படம் விரிகிறது. காற்றை இழுத்து ஊதிக்கொள்வதால் அல்ல.

1805 ஜூலை 2-ந் தேதி டாக்டர் ரஸ்ஸல் காலமானார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. மூன்று நாள்தான் உடல்நலக் குறைவு. பாம்பு நூலின் எஞ்சிய பகுதிகள் அவர் மறைந்த பிறகு வெளிவந்தன.

தீராத கணக்கு

ரஸ்ஸல் மறைந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாம்புக்கடிச் சாவு இன்னும் தீரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ரஸ்ஸலுக்குக் கிடைக்காத ஒரு வசதி இன்று நமக்கு இருக்கிறது. இந்தியாவில் கொடுக்கப்படும் எதிர்மருந்து ஒன்றே, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் எதிரானது. ஆகவே கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ள அதைத் துரத்த வேண்டியதில்லை. அடித்துக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. அதில் போகும் நேரம் உயிர் போகும் நேரம்.

கடிபட்டவரை ஓடவும் நடக்கவும் விடக்கூடாது. தைரியம் சொல்லிப் படுக்கவைக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்றிவிட வேண்டும். கையோ காலோ கடிபட்டிருந்தால் அதை அசையாமல் வைக்கவேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கத்தியால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. 108-க்குப் போன் செய்து, எதிர்மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டிலேயே வைத்திருக்கக்கூடாது.

வராமல் தடுப்பது அதைவிட நல்லது. இரவில் வெளியே போனால் கையில் டார்ச் லைட்டும் காலில் செருப்பும் வேண்டும். தரையில் படுப்பதைவிடக் கட்டில் நல்லது. பாய்தான் உண்டு என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். வீட்டைச் சுற்றிச் செங்கல் குவியலும் விறகுக் குவியலும் இருந்தால் எலி சேரும். எலி சேர்ந்தால் பாம்பு வரும்.

விஷமில்லாத பாம்பை விட்டுவிடலாம். அது எலியையும் பூச்சியையும் தின்று நமக்கு நன்மையே செய்கிறது. விஷப் பாம்பாக இருந்தாலும் அடிக்கப் போகாமல், விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லிவிடலாம். அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள்.

முதலில் பார், பிறகு முடிவு செய். டாக்டர் ரஸ்ஸலின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடம்தான்.